பெண்கள் கிறிஸ்துமஸ்

அயர்லாந்தின் வரலாற்றைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் நான். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தையும், 1916-இல் டப்ளினில் மூண்ட கிளர்ச்சியையும் என் மாணாக்கர் தடையின்றி ஒப்புவிப்பர். ஆனால் அந்நாட்டுப் பெண்களுக்கெனக் குளிர்காலத்தில் ஓர் ஓய்வு நாள் உண்டென்பதை நான் ஒருமுறையேனும் சொன்னதில்லை. பாடநூலில் அது இல்லை, நானும் தேடவில்லை.

அந்நாள் சனவரி 6. டிசம்பர் 25-இல் பிறக்கும் கிறிஸ்துமஸ் விழா அன்றோடு நிறைவெய்தும். தெற்கே கார்க், கெர்ரி என்னும் பகுதிகளில் அதனைப் பெண்கள் கிறிஸ்துமஸ் என்றே வழங்கினர். விருந்து சமைத்துக் களைத்த பெண்கள் அன்று அடுப்படியை ஆடவரிடம் ஒப்படைத்துவிட்டு, அண்டை வீட்டில் கூடித் தேநீரும் கேக்கும் உண்டு அளவளாவுவர். ஆடவர் சமையல் எவ்வாறு இருந்ததோ, அறியோம்!

அவ்வோய்வின் அருமையை உணர அவர்களுடைய அன்றாட வாழ்வை நோக்க வேண்டும். நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் திட்டம் அங்கே 1946-இல்தான் தொடங்கிற்று. அந்தக் குளிரில் கிணற்றுக்குச் சென்று நீர் சுமந்து வருதலும், விளக்கொளியில் துணி தைத்தலும், அடுப்பு அணையாமல் காத்தலும் பெண்கள் பணியே.

இடையில் மங்கிய இவ்வழக்கம் அண்மைப் பதிற்றாண்டுகளில் மீண்டும் தழைத்துள்ளது. இன்று கார்க் நகரின் உணவகங்களில் அன்று மாலை பெண்கள் கூடுகின்றனர். ஒன்று மட்டும் என் நெஞ்சை உறுத்துகிறது. பெண்கள் ஓயாது உழைத்த டிசம்பர் 25-க்குப் பெரிய கிறிஸ்துமஸ் என்று பெயர். அவர்கள் அமர்ந்து இளைப்பாறிய சனவரி 6-க்கோ சிறிய கிறிஸ்துமஸ் என்று பெயர்.