மே மாசத்துல மூணு வாரம்

மார்ச் மாசம் வந்தா பேங்க்ல வருஷக் கணக்கு முடிக்கிற ஓட்டம். அதே நேரத்துல எங்க வீட்டுல வேற ஒரு கணக்கு ஓடும். ஊர்ல பசங்களுக்கு எப்போ லீவு, இங்கே எப்போ லீவு, ரெண்டும் ஒண்ணா இருக்கிற நாள் எத்தனை?

டெல்லியில பள்ளிக்கூடம் மே 10 தேதி வாக்குல மூடி ஜூன் 30 வரைக்கும் லீவு. தமிழ்நாட்டுல ஏப்ரல் கடைசிக்குள்ள பரீட்சை முடிஞ்சு, ஜூன் முதல் வாரம் திறந்துடும். (வெயில் தாங்காம 2023-லயும் 2024-லயும் ஜூன் ரெண்டாம் வாரம் வரைக்கும் தள்ளிப் போட்டாங்க.) ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா பொதுவா மிஞ்சுறது மே மாசத்துல மூணு வாரம். என் பசங்களும் அக்கா பசங்களும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கணும்னா வருஷத்துல கிடைக்கிறது அவ்வளவுதான்.

இந்த ரெண்டு காலண்டரும் ஏன் ஒத்துப் போகலைன்னு யோசிச்சா, பெரும்பாலும் பருவமழைதான் காரணம். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுறது ஜூன் 1-ம் தேதி வாக்குல. மேலே ஏறி டெல்லி வந்து சேர ஜூன் 27 ஆகும். நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம் மே 28-ஓட முடியும்போது இங்கே லூ காத்து அப்பத்தான் சூடு பிடிக்குது. மழை 2000 கிலோமீட்டர் நடந்து வர எடுத்துக்கற நாலு வாரம், ரெண்டு ஊர்ப் பிள்ளைங்களோட லீவுக்கு நடுவுல வந்து உட்கார்ந்துடுச்சு.

சரி, டெல்லிக்கு நம்மாளுங்க கோடையில வந்து போற பழக்கம் எப்போ ஆரம்பிச்சது? வேடிக்கை என்னன்னா, ஆரம்பத்துல கோடைக்கு டெல்லியில யாருமே இருக்க மாட்டாங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில 1864-லேர்ந்து சிம்லாதான் கோடைத் தலைநகரம். முதல்ல கல்கத்தாவிலேர்ந்து, 1911-ல தலைநகரை மாத்தறதா அறிவிச்ச பிறகு டெல்லியிலேர்ந்து, சர்க்காரே ஃபைலைக் கட்டிக்கிட்டு மலை ஏறிடும். 1903-ல கால்கா-சிம்லா ரயில் பாதை வந்தது இந்த ஊர்வலத்துக்கு ரொம்ப வசதியாப் போச்சு. கூடவே குமாஸ்தாக்கள். அதுல நம்ம பக்கத்து ஆளுங்களும் உண்டு. அவங்க பிள்ளைங்க படிக்கணுமேன்னு 1923-ல 'மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன்' ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னாடி டெல்லி தமிழ்க் கல்விக் கழகமா மாறி, ஏழு பள்ளிக்கூடமா வளர்ந்து நிக்குது. நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெளியூர் வந்த நம்ம ஜனங்களுக்கு முதல் கவலை இதுதான் பாருங்க: பிள்ளைங்க படிப்பு, அதுலயும் நம்ம பாஷை.

அந்தக் காலத்துல சொந்தக்காரங்க வந்து போறதெல்லாம் சாதாரண விஷயமில்லை. 1929-ல கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் (நம்ம ஜிடி-தாங்க) ஓட ஆரம்பிச்சப்போ பெஷாவர்லேர்ந்து மங்களூர் வரைக்கும் போச்சு. சுமார் 104 மணி நேரம். நாலு நாளைக்கும் மேல! கொஞ்ச காலத்துலேயே அதை டெல்லி-மெட்ராஸ் வண்டியா சுருக்கிட்டாங்க. 1974-ல மூணாங்கிளாஸ்ங்கற பேரே போச்சு. 1976-ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. 1977-லேர்ந்து 79 வரைக்கும் ரயில்வே மந்திரியா இருந்த மது தண்டவதே காலத்துலதான் ரெண்டாம் வகுப்புக் கட்டை பெர்த்துக்கு மெத்தை போட ஆரம்பிச்சாங்க. ரெண்டு ராத்திரி கட்டையில படுத்து வந்த எங்க தாத்தா தலைமுறையைக் கேட்டாத்தான் அந்த ரெண்டு இஞ்ச் மெத்தையோட அருமை தெரியும்.

ரயில் இருந்தா போதுமா, டிக்கெட்டுக்குக் காசு? அங்கேதான் எல்.டி.சி. வருது. மத்திய அரசு ஊழியர்களுக்கு சொந்த ஊர் போக 1956-ல வந்த சலுகை. எங்க பேங்க் பாஷையில அதுக்கு எல்.எஃப்.சி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர், இல்லேன்னா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவுல எங்கே வேணா. பார்க்கறதுக்கு வெறும் அலவன்ஸ் மாதிரி இருக்கும். ஆனா எங்க குடும்பத்துல ஒரு தலைமுறைக்கே தாளம் போட்டுக் குடுத்தது இதுதான். எல்.டி.சி. இருக்கிற வருஷம் டெல்லிப் பெரியப்பா குடும்பம் மாயவரம் வரும். இல்லாத வருஷம் நாங்க டெல்லி போவோம். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலை. சர்க்காரோட ரெண்டு வருஷக் கணக்கு சொந்தபந்தத்தோட கணக்கா ஆயிடுச்சு.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1988. எனக்கு ஒன்பது வயசு. மாயவரத்துல மீட்டர்கேஜ் வண்டி ஏறி எழும்பூர்ல இறங்கி, மூட்டை முடிச்சோட சென்ட்ரல் போய் ஜிடி-யைப் பிடிச்சோம். புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவின இட்லி, கூஜாத் தண்ணி. பல்லார்ஷா தாண்டினதும் ஜன்னல் கம்பி கையைச் சுடும். அம்மா ஈரத் துண்டை ஜன்னல்ல கட்டி விட்டாங்க, பத்து நிமிஷத்துல அப்பளமா காஞ்சு போச்சு.

பெரியப்பாவுக்கு சரோஜினி நகர்ல ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ். அந்தக் கோடையில அங்கே பதினோரு பேர். ஏசி கிடையாது. ஒரு கூலர். அதுக்குப் பக்கத்துல படுக்க பசங்களுக்குள்ள சண்டை. ராத்திரி மொட்டை மாடியில தண்ணி தெளிச்சு, வரிசையா கயித்துக் கட்டில் போட்டுப் படுக்கை. நம்ம பங்கனபள்ளியே டெல்லி மார்க்கெட்டுல 'சஃபேதா'ன்னு பேரை மாத்திக்கிட்டு விக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. தசேரி ஜூன்லதான் சரியா வரும்னு பெரியப்பா சொல்லுவார். தமிழ்நாட்டு லீவுல வந்தவங்களுக்கு சஃபேதாதான் ராசி.

ஊர் சுத்தறதுக்கும் ஒரு பாடத்திட்டம் உண்டு. டெல்லிவாசிகளுக்கு மனப்பாடம். ஒரு நாள் செங்கோட்டை, குதுப்மினார். ஒரு நாள் மிருகக்காட்சிசாலை. ஒரு நாள் சங்கர் ஆரம்பிச்ச பொம்மை மியூசியம். ஒரு நாள் சாணக்கியபுரி ரயில் மியூசியம். ஆசிய விளையாட்டு யானைக்குட்டி பேரைத் தாங்கி 1984-ல வந்த அப்பு கர் (2008-ல மூடிட்டாங்க, பாவம்). வெள்ளிக்கிழமை இல்லாம பார்த்து தாஜ் எக்ஸ்பிரஸ்ல ஆக்ரா. சாயங்காலம் ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திர். 1973-ல கும்பாபிஷேகம் ஆன அந்த முருகன் கோயில் வாசல்ல நின்னாத்தான் வந்தவங்களுக்கு 'அப்பாடா, நம்ம ஊரு'ன்னு இருக்கும்.

இந்தக் கதையை எல்லாரும் இனிக்க இனிக்கச் சொல்றோம். பெரியம்மாவைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. பதினோரு பேருக்கு மூணு வேளை. குழாய்ல தண்ணி காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். 45 டிகிரி வெயில்ல ஸ்டவ் முன்னாடி நிக்கணும். அவங்க அந்த லீவுல எங்களோட ஆக்ரா வரலை. "நான் அதை எத்தனை தடவை பார்க்கறது"ன்னாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அவங்க தாஜ்மகாலைப் பார்த்தது மொத்தம் ஒரே தடவை. கோடைக்கு வந்து போன சொந்தத்தோட சரித்திரத்தை யாராவது முழுசா எழுதினா, ரயிலுக்கும் எல்.டி.சி.க்கும் அடுத்தபடியா சமையல்கட்டுக்கு ஒரு அத்தியாயம் குடுக்கணும். நியாயமாப் பார்த்தா அதுதான் முதல் அத்தியாயம்.

சரி, எதுக்கு இவ்வளவு நாள் தங்கினோம்? இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அன்பு மட்டும் காரணமில்லை, பயணம் கஷ்டமா இருந்ததும் காரணம். ரெண்டு ராத்திரி ரயில்ல வந்துட்டு நாலாம் நாள் யாராவது கிளம்புவாங்களா? திரும்பற டிக்கெட்டும் சுலபத்துல கிடைக்காது. கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் 1985-86-ல டெல்லியிலதான் முதல்ல வந்தது. அதுக்கு முன்னாடி திரும்பற ஊருக்குத் தந்தி அடிச்சு பெர்த் கேட்டுட்டுக் காத்திருக்கணும். வர்றது கஷ்டம், போறது அதைவிடக் கஷ்டம். அதனால ஒரு மாசம் தங்கினோம். அந்த ஒரு மாசத்துலதான் எனக்கு அண்ணன் ஒருத்தன் கிடைச்சான், அவனுக்குத் தமிழ் கிடைச்சது.

அப்புறம் எல்லாம் சுலபமாச்சு. 1993-ல சென்னை ராஜதானி. 2002-ல இணையத்துல டிக்கெட். 2003-ல ஏர் டெக்கான் வந்து மலிவு விமானத்தை ஆரம்பிச்சு வெச்சது. இப்போ சென்னையிலேர்ந்து டெல்லி மூணு மணி நேரத்துக்குள்ள. அந்தப் பழைய குவார்ட்டர்ஸ் பெரும்பாலும் இடிபட்டு அடுக்குமாடி எழும்புது. துவாரகாவுல எங்க ஃபிளாட்டுல ரெண்டு ரூம்ல ஏசி இருக்கு. அக்கா குடும்பம் வந்தா யாரும் வேர்க்கவே வேண்டாம்.

ஆனா, போன ரெண்டு வருஷமா அவங்க வந்து தங்கினது அஞ்சு நாள். வியாழக்கிழமை ஃப்ளைட்ல வந்து செவ்வாய்க்கிழமை கிளம்பிட்டாங்க. பயணம் முப்பத்தஞ்சு மணி நேரத்துலேர்ந்து மூணு மணி நேரமா சுருங்கினப்போ, தங்கறதும் கூடவே சுருங்கிடுச்சு. காமர்ஸ் படிச்ச புத்திக்கு இது புரியாம இல்லை. செலவு குறைஞ்சா அளவைக் குறைச்சு அடிக்கடி வாங்கலாம்னு கணக்கு சொல்லும். ஆனா அடிக்கடி வர்றதில்லையே! கோச்சிங், சம்மர் கேம்ப், அத்தானுக்கு லீவு கிடையாது. எல்லாம் உண்மையான காரணம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது.

அஞ்சு நாளுக்கும் மூணு வாரத்துக்கும் என்ன வித்தியாசம்னா, சின்னவன் பேச்சைத்தான் காட்டணும். அவனுக்கு இப்போ ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல ஹிந்தி, லிஃப்டுல ஹிந்தி, பார்க்குல ஹிந்தி. எங்ககிட்ட வந்து "அப்பா, தாகம் லகுது"ம்பான். கொரோனாவால 2020, 2021 ரெண்டு கோடையும் யாரும் வரலை. அவன் பேசப் பழகின வயசு அது. 2023-ல அக்கா பசங்களும் எங்கம்மாவும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வந்து மூணு வாரம் முழுசா இருந்தாங்க. முதல் வாரம் அக்கா பசங்க இவனைப் பார்த்துச் சிரிச்சாங்க. ரெண்டாம் வாரம் இவன் அவங்களோட சண்டை போட்டான். சண்டை போட பாஷை வேணுமே, கத்துக்கிட்டான். மூணாம் வாரம் ஒரு மத்தியானம் எங்கம்மாகிட்ட போய், "அப்பாயி, தண்ணி தவிக்குது"ன்னான். எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு அது. நானே அந்த வார்த்தையைச் சொல்லி வருஷக்கணக்காச்சு. தங்கமணி அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்தா.

அஞ்சு நாள்ல இது வராது. அஞ்சு நாள் விருந்தாளி மரியாதையிலேயே போயிடுது. ஃபோட்டோ எடுத்து, மால் போய், பை சொல்லி முடிஞ்சுடுது. சண்டை வர்ற அளவுக்கு நெருங்கறதுக்குள்ள கிளம்பிடறாங்க. தீபாவளிக்குள்ள 'தவிக்குது' மறந்து போய் பழையபடி 'லகுது' வந்துடுச்சு.

எங்கம்மாவுக்கு இப்போ 74. முழங்கால் வலி. இன்னும் எத்தனை கோடை டெல்லி வர முடியும்னு அவங்களும் சொல்றதில்லை, நானும் கேட்கறதில்லை. பெரியவளுக்குப் பதினொண்ணு. ரெண்டு வருஷத்துல அவளுக்கும் கோச்சிங் வந்துடும். ஆக என் கையில இருக்கிறது மூணு நாலு மே மாசம். அவ்வளவுதான்.

அதனால எங்க வீட்டுல இப்போ ஒரு ஏற்பாடு. பழைய காலத்துல பயணக் கஷ்டம் செஞ்ச வேலையை நாமளே திட்டம் போட்டுச் செய்யணும். திரும்பற டிக்கெட்டை மூணு வாரம் தள்ளித்தான் போடறது. அத்தானுக்கு லீவு இல்லைன்னா அவர் அஞ்சு நாள்ல போகட்டும், அக்காவும் பசங்களும் இருக்கட்டும். சமையல் பெரியம்மா கதை ஆகக் கூடாது. காலை டிபன் என் பொறுப்பு, பாத்திரம் பசங்க பொறுப்பு, ஆக்ராவுக்கு எல்லாரும். ஒரு வருஷம் அவங்க இங்கே, ஒரு வருஷம் நாங்க அங்கே. பெரியப்பா காலத்து அதே தாளம். எல்.எஃப்.சி.யை கோவாவுக்கு வெச்சுக்கலாம்னு பெரியவள் மனு போட்டிருக்கா, பரிசீலனையில இருக்கு.

வெளியூர்ல இருக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2015-லேர்ந்து 120 நாளா இருந்த ரயில் முன்பதிவை 2024 நவம்பர் 1-லேர்ந்து 60 நாளாக் குறைச்சுட்டாங்க. மே 15 கிளம்பணும்னா மார்ச் 16 காலை எட்டு மணிக்கு உட்காரணும். உங்க ஊர் லீவையும் நம்ம ஊர் லீவையும் ஒரு தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. மும்பைக்கு ஒரு கணக்கு வரும், கொல்கத்தாவுக்கு வேற வரும். எத்தனை நாள் சேர்ந்து வருதோ, அத்தனை நாளுக்கும் டிக்கெட் போடுங்க. ஒரு நாளைக்கூடக் குறைக்காதீங்க.