வன்னிநாட்டின் நிலமும் வளமும் இலக்கியமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையுமே முதற்கண் தேடுவர். வன்னிநாட்டைப் பொறுத்தவரையில் அவ்வழி நெடுந்தூரம் செல்லாது. பெருங்காடு, கொடுங்காய்ச்சல், காட்டுயானை என்னும் மூன்று சொற்களால் இந்நாட்டைக் குறித்து முடித்துவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இலக்கியம் என்று சொல்லத்தக்கது இங்கு யாதுமில்லை என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். நிலத்தின் இயல்பை முதலில் அறிந்து, அந்நிலம் தந்த வளத்தைக் கண்டு, அதன் பின்னர்ப் பாட்டைத் தேடுவோமாயின், வன்னியின் இலக்கியம் எங்கே உறைகின்றது என்பது தானே புலனாகும்.

வடக்கே யாழ்ப்பாணக் கடனீரேரியும் ஆனையிறவும், தெற்கே அநுராதபுரத்தைச் சார்ந்த நிலமும், கிழக்கே வங்கக் கடலும், மேற்கே மன்னார்க் கடலும் சூழக் கிடப்பது வன்னிப் பெருநிலம். அடங்காப்பற்று என்பது இதன் பழம்பெயர்களுள் ஒன்று. பனங்காமம், கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, மேல்பற்று என்பன முன்னாளில் இதன் பிரிவுகளாய் வழங்கின. இன்றைய வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் இதன் பெரும்பகுதியை அடக்கியவை. இவற்றுள் முல்லைத்தீவு 1978ஆம் ஆண்டிலும், கிளிநொச்சி 1984ஆம் ஆண்டிலும் தனி மாவட்டங்களாயின. முல்லையும் நொச்சியும் சங்கச் சான்றோர் அறிந்த பூக்கள். மதில் காத்து நிற்கும் வீரர் சூடுவது நொச்சி என்பது இலக்கணம் கற்றோர் அறிந்ததே.

இந்நிலத்தில் மலை இல்லை. மேகத்தைத் தடுத்து நீரைச் சேர்த்து வைக்கும் உயரம் இல்லாமையால், இங்குத் தோன்றும் ஆறுகள் யாவும் மாரியில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பவை. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடுகின்றது. பாலியாறும் பறங்கியாறும் மேற்குக் கடலையும், பேராறு கிழக்குக் கரையையும் நாடுகின்றன. தெற்கெல்லையை ஒட்டிச் செல்லும் அருவியாறு மட்டுமே தொலைவிலிருந்து நீர் கொண்டு வருவது. ஐப்பசி முதல் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே ஆண்டு முழுவதற்கும் முதலாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கற் பாறை மழைநீரை உறிஞ்சிக் கிணற்றுக்குத் தருகின்றது. வன்னியின் பெரும்பகுதியில் அடிநிலம் கடும்பாறை. அது நீரை எளிதில் உள்வாங்காது. ஆகவே அங்கே கிணறு தோண்டி வாழ்ந்த தமிழர், இங்கே குளம் கட்டி வாழ்ந்தனர். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் உள்ள வேறுபாடு பலவற்றுக்கு இவ்வொன்றே வேராகும்.

குளம் என்பது வெறும் பள்ளமன்று. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே மண்ணாற் கட்டு எழுப்பி, மிகுநீர் வழிந்தோட வான் வைத்து, வேண்டும் நீரைத் துருசு வழியே வாய்க்காலில் விடுவது அதன் அமைப்பு. மேற்குளத்தில் மிகுந்தது கீழ்க்குளத்தைச் சேரும். ஒரு குளத்தின் வயலில் வடிந்த நீர் மற்றொரு குளத்துக்கு வரவாகும். இவ்வாறு தொடராக அமைந்த குளங்களுள் ஒன்று உடையின் அதன் கீழுள்ளவற்றுக்கும் இடர் நேரும். எனவே குளக்கட்டைக் காத்தல் ஒருவர் கடமையாய் நில்லாது, ஊர்கள் பலவற்றின் பொதுக் கடமையாயிற்று.

இவ்வுண்மையை வன்னியின் ஊர்ப்பெயர்களே எழுதி வைத்துள்ளன. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், அக்கராயன்குளம் என்பன குளத்தால் பெயர் பெற்றவை. இரணைமடு, விசுவமடு, மாமடு, கற்சிலைமடு என்பன மடுவாற் பெயர் பெற்றவை. முத்தையன்கட்டு என்பது கட்டாற் பெயர் பெற்றது. இவற்றினும் ஊன்றி நோக்கற்பாலன தண்ணிமுறிப்பு, கரிப்பட்டமுறிப்பு என்னும் பெயர்கள். முறிப்பு என்பது கட்டு முறிந்த இடம். குளம் உடைந்தமையையும் ஒரு பெயராக்கி, அப்பெயரோடே அங்கு மீண்டும் குடியேறி வாழ்ந்தனர் முன்னோர். வன்னியின் வரலாறு முழுவதும் இவ்விரு நிகழ்ச்சிகளுள் அடங்கும் எனலாம்: முறிதல், மீளக் கட்டுதல்.

இம்மண்ணில் மக்கள் வாழ்வு மிகத் தொன்மையானது. வவுனியாவைச் சார்ந்த பெரியபுளியங்குளத்தின் கற்குகைகளிற் பிராமிக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றுள் விசாகன் என்னும் தமிழ் வணிகன் ஒருவன் குறிக்கப்படுகின்றான். பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் நிகழ்த்திய ஆய்வுகள் கருஞ்சிவப்பு மட்பாண்டங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. அவர் எழுதிய ‘பூநகரி – தொல்பொருளாய்வு’ 1993ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிற்காலத்தில், 1215ஆம் ஆண்டளவில் மாகன் படையெடுத்த பின், பழைய அநுராதபுர, பொலன்னறுவை அரசுகளின் நீர்ப்பாசனப் பேரமைப்புச் சிதைந்தது. அக்குலைவுக்குப் பின்னர்ச் சிறு நிலப்பகுதிகளை ஆண்டு தலையெடுத்தோரே வன்னியர். அவர்தம் வரலாற்றைக் கலாநிதி சி. பத்மநாதன் ‘வன்னியர்’ என்னும் நூலில் 1970ஆம் ஆண்டில் முறைப்பட ஆராய்ந்துள்ளார்.

வன்னியர் தம் மேலரசர்க்கு இறுத்த திறை யாது? பொன்னன்று, யானை. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னரும், 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவரை அகற்றிய பின்னரும் அத்திறை தொடர்ந்தது. பணிக்கர் என்போர் காட்டில் யானை பிடிப்பதில் வல்லவர். அவர் பிடித்த யானைகள் கடனீரேரியின் ஆழமில்லா நீரைக் கடந்து குடாநாட்டுக்குச் சென்ற வழியே ஆனையிறவு எனப்பட்டது. இத்திறையை வன்னியர் விரும்பிக் கொடுத்தாரல்லர். அந்நியர்க்கும் அவர்க்கும் நிகழ்ந்த பிணக்குகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பிணக்கின் முடிவில் நிற்பவன் பண்டாரவன்னியன். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இக்கரையைக் கைப்பற்றினர். 1803ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைக்கொண்டான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவனாற் தோற்கடிக்கப்பட்டான். அத்தோல்வியைக் குறித்து நினைவுக்கல் நாட்டினர் வென்றோர். தோற்றவனின் வீரத்தை எழுதுவார் அன்று இலர். ஆயினும் வன்னிமக்கள் வாய்வழிக் கதையாக அதனைப் பேணினர். பின்னாளில் முல்லைமணி அதனை நாடகமாக்கினார். கல் சொல்லாதுவிட்டதை நா சொல்லிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியின் முதற் கூற்றில் வன்னி மேலும் நலிந்தது. குளங்கள் தூர்ந்தன, காய்ச்சல் ஊர்களைக் காலியாக்கிற்று. இங்கு அரச அதிபதிக்கு உதவியாளராய்ப் பணிபுரிந்த ஜே. பி. லூயிஸ் என்பார் 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பின் மீளக் கட்டும் காலம் வந்தது. 1902ஆம் ஆண்டில் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிற்று. 1905ஆம் ஆண்டில் வன்னிக்காட்டினூடே புகைவண்டி யாழ்ப்பாணம் சென்றது. 1930களிற் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கிற்று. 1940களின் பிற்பகுதியில் மருந்து தெளித்து நுளம்பை ஒழிக்கவே காய்ச்சலின் கொடுமையும் தணிந்தது. வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் புதுக்கப்பட்டன. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் குடியேறிய இளைஞர் 1970களிற் செத்தல்மிளகாயும் வெங்காயமும் விளைத்துச் செழித்தனர். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையகத் தமிழர் பலரும் இம்மண்ணை நாடி வந்து காடு வெட்டிக் கமம் செய்தனர்.

இனி, வளம் பற்றிச் சில கூறுவோம். பாலை, முதிரை, கருங்காலி, வீரை ஆகிய மரங்கள் வன்னிக் காட்டின் செல்வம். பாலைப்பழமும் வீரைப்பழமும் காட்டுத்தேனும் கோடையில் ஏழையர்க்கும் விருந்தளிப்பன. காலபோகமும் சிறுபோகமும் நெல் தரும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய கடனீரேரிகள் மீனும் இறாலும் தரும். எருமையும் பசுவும் குளத்தின் அலைகரையிற் புல்மேய்ந்து பாலும் தயிரும் தரும். இவ்வளம் யாவும் குளத்துநீரோடும் காட்டோடும் பிணைந்தவை. மேற்குளத்தைச் சூழ்ந்த காட்டை அழித்தால் குளம் மண்ணால் தூரும். குளம் தூர்ந்தால் வயல் காயும். இதனை உணர்ந்தோரே வன்னிக் கமக்காரர்.

வளத்தை விளைத்த தொழிலிலேதான் வன்னியின் பாட்டும் பிறந்தது. ஏட்டிலக்கியம் இங்கு அறவே இல்லையென்பது பிழை. மதுரையிலிருந்து வந்த வன்னியர் அடங்காப்பற்றிற் குடியேறிய கதையை வையாபுரி ஐயரின் ‘வையாபாடல்’ கூறுகின்றது. 1736ஆம் ஆண்டளவில் மயில்வாகனப் புலவர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’யும் வன்னியரைப் பேசுகின்றது. எனினும் இவை குடியேற்றத்தையும் குலப்பெருமையையும் பாடுவன. நெல் விளைந்த கதையை இவற்றிற் காணோம். அதனைக் காண விழைவோர் வயலுக்கே செல்லல் வேண்டும்.

அரிவாளேந்தி வரிசையாய் நின்று நெல்லரிவோர் பாடியது அரிவுச்சிந்து. கதிரைக் கொத்தும் குருவியையும் பயிரைக் கிளறும் பன்றியையும் பொருளாகக் கொண்டு குருவிச்சிந்தும் பன்றிப்பள்ளும் எழுந்தன. ஆடவர் அடக்கவியலாத யானையை அடக்கியவள் எனக் குமுழமுனை மக்கள் போற்றும் அரியாத்தையின் மேல் எழுந்தது ‘வேலப்பணிக்கன் ஒப்பாரி’. ஒல்லாந்தர் கணக்கேட்டில் யானைகளின் தொகையைக் காணலாம். அவ்யானையைப் பிடிக்கச் சென்ற குடும்பத்தின் கண்ணீரை இவ்வொப்பாரியிலன்றி வேறெங்கும் காணவியலாது. வரலாற்று மாணவர்க்கு இரண்டும் சான்றுகளே.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் நிகழும்போது, முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்து வந்த நீரால் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி சினந்தணிந்து தங்கிய இடம் இது என்பது ஐதீகம். அக்கதை இங்குச் ‘சிலம்புகூறல்’ என்னும் பாட்டாகவும், முல்லைமோடி என்னும் தனிமெட்டில் அமைந்த கோவலன் கூத்தாகவும் விளங்குகின்றது. இளங்கோவடிகளின் காப்பியத்தைக் கல்லாதவரும் அதன் கதையைக் கோயில் முற்றத்தில் விடியுமளவும் கண்டு கண்ணீர் வடித்தனர். கற்றோர் நூலும் மற்றோர் நாவும் ஒரே பொருளைப் போற்றிய இடமாதலின், இதனை எளிய கூத்தெனத் தள்ளுதல் தகாது.

இத்தகைய மரபு உலகில் நமக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்சு நாட்டின் வடபால் உள்ள மலைநாட்டில் இபுகாவோ மக்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் விளைக்கின்றனர். அவர் அறுவடையின்போதும் இழவு வீட்டிலும் பாடும் ‘ஹுட்ஹுட்’ என்னும் நெடும்பாட்டை முதிய மகளிரே பெரும்பாலும் முன்னின்று பாடுவர். அவர்க்கு மலை உண்டு, நமக்கு இல்லை. அவர் படிவயல் வெட்டினர், நாம் குளக்கட்டு எழுப்பினோம். ஆயினும் நீரைக் கூடி ஆண்டவர் கூடிப் பாடினர் என்பது இரு நாட்டுக்கும் பொது. அப்படிவயல்களை 1995ஆம் ஆண்டிலும், அப்பாட்டை 2001ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ உலகின் மரபுச்செல்வமாக ஏற்றது. வயலையும் பாட்டையும் ஒருங்கே காக்க வேண்டுமென்பதற்கு இது சான்று. அங்கும் கையறுவடை அருகப் பாட்டும் அருகி வருகின்றது. இங்கோ, அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவுச்சிந்துக்கு வயலில் இடமில்லாது போயிற்று.

இயந்திரத்தினும் பெரிய இடர் போர். 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் ஏறக்குறைய அனைவரும் வீடுவிட்டு ஊர் ஊராய்ப் பெயர்ந்தனர், உயிரிழந்தோர் பல்லாயிரவர். எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். அம்முகாம்களுள் இறுதியானது 2012ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. பெட்டியிலிருந்த ஏடும், அச்சிட்ட நூலும், ஒலிப்பதிவு நாடாவும் வழியிற் போயின. மீண்டு வந்தோர் குளத்தைக் கண்டனர்; கட்டு சிதைந்திருப்பினும் அதனைத் திருத்த வழியிருந்தது. பாட்டறிந்த முதியவர் ஒருவர் வழியில் மாண்டிருப்பின், அவரோடு மாண்ட பாட்டைத் திருத்த எந்தப் பொறியியலாளராலும் இயலாது.

நற்பேறாக, முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. செ. மெற்றாஸ்மயில் வன்னிவள நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். அ. பாலமனோகரன் தண்ணிமுறிப்பைக் களமாக்கி எழுதிய ‘நிலக்கிளி’ என்னும் நாவல் 1973ஆம் ஆண்டில் வெளிவந்து, முறிப்பு ஊரின் காட்டையும் குளத்தையும் மாந்தரையும் தமிழுலகுக்குக் காட்டிற்று. இன்று வவுனியாவில் 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. ஆகவே கற்றோர் இன்மை இனிக் காரணமாகாது.

இலக்கியம் இல்லாத நாடு வன்னி என்ற கூற்றுப் பொருந்தாமை இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். அதன் இலக்கியம் குளக்கட்டிலும் களத்திலும் கோயில் முற்றத்திலும் இருந்தது. தேடியோர் நூலகத்தில் மட்டும் தேடினர். நம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தம் பாட்டனார் பாட்டியாரிடம் மூன்று வினாக்களை வினவி விடையை எழுதி வருவாராக: நம் குளத்துக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? அது எப்போது முறிந்து எப்போது கட்டப்பட்டது? அதன்கீழ் நெல்லரிந்த நாளில் நீங்கள் பாடியது யாது? முறிந்ததைக் கட்டுவது வன்னியின் பழந்தொழில். மண்ணாற் கட்டும் பணியை முன்னோர் செய்து தந்தனர். எழுத்தாற் கட்டும் பணி நம்முடையது. அதனைச் செய்தற்கு உரிய காலம், பாடத் தெரிந்தோர் நம்மிடையே உள்ள இக்காலமேயாகும்.