மல்லிகையும் தாய்ப்பாலும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவிலை நோக்கி வருவோர், வழியில் தோவாளையைக் காண்பர். பொழுது புலரும் முன்பே இவ்வூர்ச் சந்தையில் பிச்சியும் மல்லிகையும் குவிந்துவிடும். ஓணத் திருநாளில் கேரள நாட்டு முற்றங்களை அணி செய்யும் பூக்களிற் பெரும் பகுதி இங்கிருந்தே செல்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் இப்பகுதி திருவிதாங்கூரின் தொடர்பு நீங்கித் தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் பூவின் வழி மாறவில்லை. இவ்வூரார் தொடுக்கும் மாணிக்க மாலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூ என்றால் கூந்தலும் கோயிலுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் நம் பாட்டிமார் மல்லிகைக்கு வேறொரு பயனும் கண்டிருந்தனர். பிறந்த குழந்தை இறந்துபோன வீட்டில், தாயின் மார்பில் பால் கட்டி நோவெடுக்கும். அழுகையோ ஓயாது, பாலோ நில்லாது, அருந்துவதற்குப் பிள்ளை இல்லை. அந்த வேளையில் வீட்டு மூதாட்டி மல்லிகைச் சரத்தை வாங்கிவரச் சொல்லி, அத்தாயின் மார்பின்மேல் வைத்துக் கட்டுவாள். சில நாட்களிற் பால் வற்றும் என்பது தென்னாட்டு மகளிரின் வழிவழி வந்த நம்பிக்கை. இது வெறும் நம்பிக்கைதானா, உண்மையா? இந்த வினாவுக்கு விடை கண்ட வரலாறு மாணவர்கள் அறியத் தக்கது.

பால் எவ்வாறு சுரக்கிறது என்பதையே உலகம் நெடுங்காலம் அறியவில்லை. 1928-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், குரூட்டர் என்னும் இருவர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை முயல்களுக்குச் செலுத்திப் பால் சுரக்கக் கண்டனர். அமெரிக்க அறிஞர் ஆஸ்கர் ரிடில் புறாக்களை ஆராய்ந்து, அச்சாற்றிலுள்ள பொருளுக்கு 1933-இல் ‘புரோலாக்டின்’ என்று பெயரிட்டார். மனிதரிடத்தும் இது தனியானதோர் இயக்குநீர் என்பது 1970-களின் தொடக்கத்திலேதான் உறுதியாயிற்று. மூளையில் ஊறும் டோபமின் என்னும் பொருள் இந்த நீருக்கு அணை போன்றது. டோபமின் மிகுந்தால் புரோலாக்டின் குறையும். டோபமின் தடைப்பட்டால் புரோலாக்டின் பெருகும். பாலை வற்றச் செய்யும் மருந்தும் பெருக்கும் மருந்தும் இந்த ஓர் அணையின் கதவையே இயக்குகின்றன.

நம் நாட்டுக் கம்புப் பயிரில் தேனொழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அதன் இனத்தைச் சேர்ந்த மேனாட்டுப் பூஞ்சையின் வேதிப்பொருளிலிருந்து சுவிட்சர்லாந்து நாட்டார் புரோமோகிரிப்டின் என்னும் மருந்தை ஆக்கினர். அது டோபமினைப் போலவே செயற்பட்டுப் பாலை நிறுத்திற்று. ஆனால் எல்லார்க்கும் எளிதிற் கிடைக்கும் விலையில் அது இல்லை.

அப்போதுதான் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் மல்லிகையின் பக்கம் திரும்பினர். 1979-ஆம் ஆண்டில் பாலூட்டும் எலிகளிடம் மல்லிகைப் பூவைச் சோதித்து, அது பால் சுரப்பைக் குறைப்பதைக் கண்டு எழுதினர். பின்னர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர், பால் வற்றவேண்டிய நிலையிலிருந்த தாய்மாரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் புரோமோகிரிப்டினும், மற்றொரு பிரிவினர்க்கு மார்பில் மல்லிகைச் சரமும் கொடுத்து ஒப்பிட்டனர். அவ்வாய்வு 1988-இல் வெளிவந்தது. இரத்தத்திலுள்ள புரோலாக்டினை இரண்டுமே குறைத்தன. மருந்து மிகுதியாகக் குறைத்தது. எனினும் மார்பு கட்டுதல், பால் சுரத்தல், நோவு நீக்கும் மருந்தின் தேவை ஆகியவற்றில் இரண்டும் ஒப்பான பயனையே தந்தன. பாட்டி கட்டிய பூச்சரம் சோதனையில் தேறிவிட்டது. புரோமோகிரிப்டினோ, இரத்த அழுத்தம், வலிப்பு, பக்கவாதம் ஆகிய கேடுகளைப் பற்றிய ஐயங்களால், அமெரிக்காவில் பாலை நிறுத்தும் பயனிலிருந்து 1994-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆயின் ஒரு வெற்றியைக் கொண்டு எல்லா வழக்கங்களையும் ஏற்றுவிடலாகாது. வேலூரார் சோதித்தது மார்பில் கட்டிய மல்லிகையை, கூந்தலிற் சூடிய மல்லிகையை அன்று, பிச்சியையும் அன்று. பால் பெருகவேண்டி நம்மவர் பூண்டும் வெந்தயமும் கொடுப்பர். கடற்கரை வீடுகளில் பால்சுறாப் புட்டு ஆக்குவர். இவை தாயின் உடம்புக்கு நல்லுணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் பால் பெருக்குவதில் புகழ்பெற்ற தண்ணீர்விட்டான் கிழங்கைச் சேர்த்த மருந்தை 1996-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு சோதித்தபோது, அம்மருந்தை உண்டோர்க்கும் உண்ணாதோர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. மல்லிகைக்குப் பிடித்த அதே உரைகல்லை இதற்கும் பிடிக்கவேண்டும், அதுவே நேர்மை.

மேனாட்டு மருந்துக்கும் இவ்விதியே. டோம்பெரிடோன் என்னும் மருந்து 1974-இல் பெல்ஜிய நாட்டில் ஆக்கப்பட்டது. வாந்தியை அடக்குவதே அதன் முதற்பணி. அது டோபமினைத் தடுப்பதால் பாலும் பெருகுவதை மருத்துவர் கண்டனர். ஆகவே பால் போதவில்லை என்ற தாய்க்கும், பாலைக் கக்கிய குழந்தைக்கும் ஒரே மருந்து கொடுக்கப்படும் நிலை உண்டாயிற்று. ஆனால் அது சிலரிடத்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். பால் பெருக்குவதற்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2004-இல் எச்சரித்தது. 2014-இல் ஐரோப்பிய அமைப்பும் இதன் பயனைக் குறுக்கியது.

குழந்தை பால் கக்குவதைக் குறித்தும் ஒரு சொல். உணவுக்குழலும் இரைப்பையும் கூடுமிடத்தில் உள்ள தசைவளையம் பச்சிளங் குழந்தையிடம் இன்னும் முதிர்வதில்லை, குழந்தை பெரும்பாலும் படுத்தே இருக்கிறது, உண்பதோ நீருணவு. ஆகவே பால் மேலேறி வழிகிறது. இது முதல் சில மாதங்களில் மிகுந்து, பெரும்பாலோர்க்கு ஓராண்டு நிறைவதற்குள் தானே நீங்கும். 1851-இல் இங்கிலாந்தில் உட்வர்ட் என்பவர் ஆக்கிய ‘கிரைப் வாட்டர்’ நம் வீடுகளிலும் புகுந்தது. அதன் பழைய கலவையில் சாராயமும் சேர்ந்திருந்தது என்பதைப் பலர் அறியார். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நாம் போற்றும் வசம்பிலும், மிகுந்தால் நஞ்சாகும் பொருள் உண்டு. கக்கும் குழந்தை எடை கூடிச் சிரித்து விளையாடுமாயின் மருந்தே வேண்டா. எடை கூடாவிடினும், வாந்தி பச்சையாகவோ இரத்தங்கலந்தோ வரினும், பீறிட்டு அடித்தாலும், உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பால் பெருகுவதற்கு உண்மையான வழி எது? மார்பு எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நன்றாக வெறுமையாகிறதோ அவ்வளவு பால் ஊறும். கிணறு இறைக்க இறைக்க ஊறுவதை நாஞ்சில் உழவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாள்தோறும் ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால், பால் போதுகிறது என்று தாய் தேறலாம். போதவில்லை என்ற அச்சத்தால் புட்டிப்பாலைத் தொடங்கினால், குழந்தை சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும், அச்சமே மெய்யாகிவிடும். இந்த அச்சத்தை வாணிகமாக்குவதைத் தடுக்கவே உலக நலவாழ்வு மன்றம் 1981-இல் நெறிமுறை வகுத்தது. இந்தியாவும் 1992-இல் சட்டம் இயற்றியது.

மருந்துண்ணும் தாய் இன்னொன்றும் அறிதல் வேண்டும். 2003-இல் வெளிவந்த ஒரு சிற்றாய்வில், மூக்கடைப்பு நீக்கும் சூடோஎஃபெட்ரின் மருந்தை ஒரே வேளை உண்ட எட்டுத் தாய்மாரிடம் அன்றைய பால் சராசரியாக 24 விழுக்காடு குறைந்தது. கடையிற் கேட்டு வாங்கும் சளி மருந்தும் பாலைக் குறைக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். மறுபுறம், பெரும்பாலான மருந்துகள் தாய்ப்பாலிற் சிறிதளவே சேர்கின்றன. ஆகவே மருந்துக்கு அஞ்சிப் பாலை நிறுத்துவதும் தவறு. பாலுக்கு அஞ்சி மருந்தைத் தானே நிறுத்துவதும் தவறு. ‘நான் பாலூட்டுகிறேன்’ என்று மருத்துவரிடம் கூறிக் கேட்பதே முறை.

மாணவர்களே! பாட்டி சொன்னதனால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. பாட்டி சொன்னதனால் மட்டும் அது மெய்யாகிவிடவும் செய்யாது. புட்டியில் அடைத்து வந்த மருந்துக்கும் இதே நீதிதான். உங்கள் வீட்டிலும் ஒருநாள் ஓர் இளந்தாய், ‘என் பால் போதவில்லையோ’ என்று கலங்கி நிற்கக்கூடும். அப்போது அவளுக்குக் கைம்மருந்தோ கடைமருந்தோ கொடுப்பதற்கு முன்பு, அவளருகில் அமர்ந்து, குழந்தை சப்பும் முறையையும் அதன் எடையையும் கவனித்து, அவளுக்கு உணவும் உறக்கமும் தேறுதலும் தருவீர்களாக. தோவாளைச் சந்தையில் அடுத்த முறை மல்லிகை வாங்கும்போது, பிள்ளையை இழந்த தாயின் நோவைத் தணிக்க அப்பூவை எடுத்த அந்த முகமறியா மூதாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.