ஊரகப் பேருந்துப் போக்குவரத்து: வளர்ச்சியும் தேய்வும் மீட்சியும்

முன்னுரை

சிற்றூர் மக்களைச் சந்தையோடும் கல்விக்கூடத்தோடும் மருத்துவமனையோடும் இணைத்த பெருமை பேருந்துக்கு உரியது. இந்தியாவில் ஊரகப் பேருந்துப் போக்குவரத்து வளர்ந்த, தேய்ந்த காரணங்களை ஆராய்ந்து மீட்சிக்கான வழியைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஐதராபாத் நிசாம் அரசு 1932-ஆம் ஆண்டில் தன் இரயில்வேயின் ஓர் அங்கமாக 27 பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 1948-இல் புனே – அகமதுநகர் வழித்தடத்தில் பம்பாய் மாகாண அரசின் பேருந்து ஓடிற்று. 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் மாநிலங்கள் கழகங்கள் அமைக்க வழிசெய்தது. அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கழகங்கள் வணிக நெறிப்படி இயங்க வேண்டும் என்கிறது. எனினும், நடைமுறையில் அவை சேவைக் கடமையையும் சுமந்தன. நகரங்களை இணைக்கும் தடங்களின் வருவாயே சிற்றூர்த் தடங்களின் இழப்பை ஈடுசெய்தது எனலாம்.

தேய்வு

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வழித்தட உரிமம் பெறுவதை எளிதாக்கியது. தனியார் வருவாய் மிக்க தடங்களையே நாடினர். இருசக்கர வாகனங்களும் பயணிகளை ஈர்த்தன. இழப்பை ஈடுசெய்த ஊற்று வற்றவே, சிற்றூர் நடைகள் முதலில் குறைந்தன. மாலை நடை நின்றால், திரும்பும் வழியறியாதோர் காலை நடையிலும் ஏறார். இவ்வாறு ஒரு குறைப்பு மற்றொன்றுக்குக் காரணமாகின்றது. மத்தியப் பிரதேச அரசு 2005-இல் தன் கழகத்தையே மூட முடிவுசெய்தது. வாகனம் வாங்க இயலாத முதியோரும் கூலித் தொழிலாளரும் மாணவியருமே இத்தகைய தேய்வால் பெரிதும் இடருறுகின்றனர்.

மீட்சி

தமிழகத்தில் 1997-இல் சிற்றுந்துத் திட்டம் அறிமுகமாயிற்று. 2025-இல் அது புதிய வடிவில் தொடங்கப்பெற்றது. மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தமிழகத்தில் 2021-இலும் கருநாடகத்தில் 2023-இலும் நடைமுறைக்கு வந்தது. மத்தியப் பிரதேச அமைச்சரவையும் 2025-இல் புதிய பேருந்துத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், கட்டணமில்லாப் பயணம் பேருந்து வரும் ஊருக்கே பயன்படும். பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஈட்டுத்தொகை வழங்கினால் நெரிசல் மிக்க தடங்களே பயனுறும். எனவே, ஊரகத் தடங்களுக்கு ஓடிய தொலைவைக் கணக்கிட்டுத் தொகை வழங்குதல் வேண்டும். பள்ளி நேரத்திற்கும் சந்தை நாளுக்கும் இயைந்த கால அட்டவணையை அறிவித்து, அதனைப் பிறழாது காத்தலும் இன்றியமையாதது.

முடிவுரை

ஒரு தடத்தின் வருவாயால் மற்றொரு தடத்தைக் காத்த முறை தளர்ந்துவிட்டது. பள்ளியையும் மருத்துவமனையையும் போலச் சிற்றூர்ப் பேருந்தையும் பொதுக்கடமையாகக் கருதி, அதற்குரிய செலவை அரசு நேரடியாக ஏற்பதே நிலைத்த மீட்சிக்கு வழியாகும்.