எந்தக் குடுவையைக் குடிப்பது?

திருச்சியில் நான் கம்ப்யூட்டர் படித்த சென்டரில் நாலு 386 மெஷின்கள் இருந்தன. அதில் ஒன்றில் யாரோ எப்போதோ பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சார் டீ குடிக்கப் போய்த் திரும்பும் பத்து நிமிடம்தான் எங்களுக்குக் கணக்கு. முதல் கட்டத்தை முடித்தால் ஓர் அறை வரும். அங்கங்கே குடுவைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. எங்கள் இளவரசன் கைக்கு எட்டிய குடுவையை எடுத்துக் குடிப்பான், கதவு திறந்துவிடும். எழுத்து எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அது பரீட்சை அறை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1990-இல் டாஸுக்கு வந்த அசல் விளையாட்டில் அங்கே ஒரு கேள்வி வரும்: கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல், அதன் முதலெழுத்து எது? அந்த எழுத்துள்ள குடுவையைத்தான் குடிக்க வேண்டும். மாற்றிக் குடித்தால் உயிர் குறையும். காசு கொடுத்தவன் கையேட்டைத் தேடிக்கொண்டு நின்றான். சல்லிக்காசு கொடுக்காத நாங்கள் வாய்க்கு வந்ததைக் குடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடினோம். பூட்டை உடைத்த புண்ணியவான் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தான்.

அதன்பின் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. நகலைத் தடுக்கும் இந்தப் பூட்டுகளின் கதையைப் படிப்பதும் கேட்பதும் எனக்கு ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் பூட்டு ஃபிளாப்பிக்குள்ளேயே இருந்தது. தயாரிக்கும்போதே ஓரிடத்தில் வேண்டுமென்று பழுதாக எழுதிவைப்பார்கள். விளையாட்டு தொடங்குமுன் அந்த இடத்தைப் படித்துப் பார்க்கும்; பழுது இருந்தால் அசல், எல்லாம் ஒழுங்காக இருந்தால் நகல். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் அந்தப் பழுது நகலில் வராது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் கொமடோர் 64-க்கு விற்ற 1541 டிரைவ் பழுதான இடத்தைக் கண்டால் சும்மா இருக்காது. படிக்கும் ஹெட்டைப் பின்னால் இழுத்துத் தடுப்பில் டக்டக்கென்று மோதவிட்டு மறுபடி முயலும். அசலை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் இந்த இடி. இடித்து இடித்து ஹெட் நிலை பிசகினால் அப்புறம் மற்ற டிஸ்க்குகளையும் படிக்காது. அந்த ரிப்பேர்ச் செலவு வாங்கியவன் தலையில். பூட்டு நீக்கிய நகலை வைத்திருந்தவனின் டிரைவ் சத்தமில்லாமல் ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்தது, அதாவது மிகவும் கோபம் வரவழைப்பது, லென்ஸ்லாக். 1985-இல் இங்கிலாந்தில் எலீட் என்ற விண்வெளி விளையாட்டு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது கேசட் டப்பாவுக்குள் மடக்கி வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டும் இருந்தது. நடுவில் வரிவரியாகப் பட்டகக் கண்ணாடி. திரையில் இரண்டு எழுத்து வரும், ஆனால் செங்குத்துக் கீற்றுகளாக நறுக்கி இடம் மாற்றிப் போட்டிருக்கும். பிளாஸ்டிக்கை விரித்துத் திரைமேல் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கீற்றுகள் சேர்ந்து எழுத்தாகும். அதை டைப் செய்தால் விளையாட்டு.

இதற்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. கம்ப்யூட்டருக்குத் திரையான டிவியின் அளவு வீட்டுக்கு வீடு வேறு இல்லையா? அதனால் முதலில் படத்தை விரித்துச் சுருக்கி, கண்ணாடி வழியாக ‘ஓகே’ என்று தெரிகிறவரை சரிபண்ண வேண்டும். ரொம்பப் பெரிய டிவியிலும் ரொம்பச் சின்ன டிவியிலும் அது சரியாகவே வராது. அதாவது கேசட் அசல், கண்ணாடி அசல், டிவிதான் குற்றவாளி. இதற்கெல்லாம் மேல், சில பெட்டிகளில் வேறொரு விளையாட்டுக்கான லென்ஸை மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுப் பையன் டேப் ஓடி முடிகிறவரை நிமிடக்கணக்காகக் காத்திருந்து, பிறகு டிவியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அவனுக்கு அது எழுத்தாகியிருக்காது.

காகிதப் பூட்டுகள் இந்த அளவுக்கு மோசமில்லை. 1989-இன் சிம்சிட்டி பெட்டியில் அடர்சிவப்புத் தாள் ஒன்று கொடுத்தார்கள். ஜெராக்ஸ் போட்டால் கறுப்பாக விழும். ஜெராக்ஸ் மெஷினுக்குத் தெரியாதது மனிதக் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது என்பதை மறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் வந்த மங்கி ஐலண்டில் அட்டைச் சக்கரம். கடற்கொள்ளையர் முகத்தின் மேல்பாதி ஒரு வட்டில், கீழ்பாதி இன்னொன்றில். திரையில் வரும் முகத்துக்கு ஏற்றபடி சுழற்றினால் சிறு ஜன்னலில் வருடம் தெரியும். இது ஒன்றைத்தான் நான் மன்னிப்பேன். பூட்டையே விளையாட்டுச் சாமானாகச் செய்தவர்கள் அவர்கள்.

சிடி வந்த பிறகு கேலிக்கூத்து என் மேசைக்கே வந்தது. விளையாட்டு முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் சிடியும் டிரைவில் சுழல வேண்டும். 1998-இல் வந்த சேஃப்டிஸ்க், கூடவே செக்யூராம், ஸ்டார்ஃபோர்ஸ் என்று காவலர்கள் பெருகினார்கள். இவற்றில் சில, விண்டோஸின் அடிமட்டத்தில் டிரைவர் போட்டு உட்கார்ந்துகொண்டன. சேஃப்டிஸ்க்கின் அந்த டிரைவரிலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள். கடைசியில் 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. அதோடு, பத்துப் பதினைந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த அசல் சிடிகள் பல வெறும் தட்டுகளாயின. கிராக் போட்ட, அதாவது பூட்டை உடைத்த, நகல்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவற்றில் அந்தக் காவலனே கிடையாதே.

2008-இல் யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு நேர்ந்ததைச் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள். ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2-ஐ இணையத்தில் இறக்கி வாங்கியவர்களிடம் சிடியே கிடையாது. புதிய பேட்ச் போட்டதும் அது அவர்களிடம் சிடியைக் கேட்டது. தீர்வாக நிறுவனமே ஒரு ஃபைலைக் கொடுத்தது. சிலர் அதைத் திறந்து உள்ளே பார்த்தால் ரீலோடட் என்ற கிராக் கும்பலின் முத்திரை! திருடனிடமே சாவி வாங்கி வந்திருக்கிறார்கள்.

அதே வருடம் செப்டம்பரில் ஸ்போர் என்ற விளையாட்டு வந்தது. வாங்கியவர் மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்றது. அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, வழக்கும் போட்டார்கள், மூன்றை ஐந்தாக்கினார்கள். பூட்டு இத்தனை இருந்தும் அந்த வருடம் மிக அதிகம் திருடப்பட்ட விளையாட்டுகளில் அது முன்வரிசையில் நின்றது. 2010-இல் இன்னும் ஒரு படி: அசாசின்ஸ் கிரீட் 2 தனியாளாக ஆடினாலும் இணையம் அறுபடக் கூடாது. மார்ச் மாதம் சர்வரை யாரோ தாக்க, காசு கொடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். 2013-இன் புதிய சிம்சிட்டியும் இப்படித்தான். இணையமில்லாமல் ஆட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

போலந்தில் ஓர் ஆள் வேறு விதமாக யோசித்தார். பெயர் மார்ச்சின் இவின்ஸ்கி. பள்ளிப் பருவத்தில் வார்சா சந்தையில் நகல் விளையாட்டு விற்றவர், ஆகவே எதிராளியின் கடை எப்படி ஓடுகிறது என்பது அத்துப்படி. நண்பரோடு சேர்ந்து 1994-இல் சிடி ப்ராஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1999-இல் பால்டர்ஸ் கேட் விளையாட்டைப் போலிஷ் மொழியில் வெளியிட்டபோது பேர்பெற்ற நடிகர்களை வைத்துக் குரல் கொடுத்து, பெட்டிக்குள் வரைபடமும் பாட்டு சிடியும் வைத்தார்கள். நகலில் இதெல்லாம் கிடைக்காது. 2011-இல் அவர்களுடைய விட்சர் 2 வந்து சில நாட்களிலேயே, முதல் பெரிய பேட்ச்சிலேயே, பூட்டைத் தாங்களாகவே கழற்றிவிட்டார்கள். நகல் விற்றவனுக்கு இருந்த விவரம் பெரிய நிறுவனங்களின் வக்கீல்களுக்கு இல்லாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

என் கடையிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. 2009 என்று நினைக்கிறேன். காலேஜ் லெக்சரர் ஒருவர், என் பழைய வாடிக்கையாளர். மகனுக்காகச் சென்னையில் 999 ரூபாய் கொடுத்து ஒரு விளையாட்டை வாங்கி வந்தார். எது என்று சொல்லப்போவதில்லை. அந்த வருடம் அவர் சிஸ்டத்தில் வைரஸ் தொல்லை, பிறகு ஹார்ட் டிஸ்க் போயிற்று. மூன்று தடவை ஃபார்மட் அடித்தேன். நாலாவது தடவை விளையாட்டை ஏற்றியபோது உங்கள் வாய்ப்பு தீர்ந்தது என்றது. தீர்த்தவன் நான்தான்.

நிறுவனத்துக்கு மெயில் போட்டோம். பில்லையும் சீரியல் கீ ஒட்டிய பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். படம் தெளிவாக இல்லை என்று பதில். மறுபடி அனுப்பினோம். பரீட்சை லீவு முடியப்போகிறது என்று பையன் கடை வாசலில் தினம் வந்து நின்றான். ஒன்பதாம் நாள் இன்னொரு வாடிக்கையாளர் பர்மா பஜாரில் வாங்கியிருந்த அதே விளையாட்டின் நகலைக் கேட்டு வாங்கி ஏற்றினேன். இருபது நிமிட வேலை. எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடியது.

“தம்பி, இப்ப இது திருட்டா?” என்றார் சார்.

“பில்லு உங்ககிட்ட இருக்கே சார்,” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் பில்லை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அடுத்த முறை அவர் வீட்டுக்கு யூபிஎஸ் மாட்டப் போனபோது அந்தப் பெட்டி ஷோகேஸில், மகன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.