ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்

ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட், ஆங்கிலேயப் பாடகரும் பாடலாசிரியருமான நிக் டிரேக்கின் (1948–1974) முதல் இசைத்தொகுப்பு. ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் 1969இல் வெளியிட்டது. ஃபோக்-ராக் வகையில் சேர்க்கப்படும் இதிலுள்ள பத்துப் பாடல்களையும் எழுதியவர் டிரேக்கே. ரிஸ்லா சிகரெட் தாள் கட்டு தீரப்போகும்போது, இன்னும் ஐந்து தாள்தான் மிச்சம் என்று சொல்லும் அச்சுத் துண்டு ஒன்று அந்நாளில் அதில் இருந்தது. தலைப்பு அங்கிருந்து எடுக்கப்பட்டது.

டிரேக் அப்போது கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கிய மாணவர். லண்டன் ரவுண்ட்ஹவுஸில் அவர் பாடக் கேட்ட ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ், தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் அவரைப் பற்றிச் சொன்னார். செல்சியில், பழைய பால் பண்ணைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் 1968இல் ஒலிப்பதிவு தொடங்கி, அடுத்த ஆண்டு வரை விட்டுவிட்டு நடந்தது. ஒலிப்பொறியாளர் ஜான் வுட்.

இந்தத் தொகுப்பின் குணத்தைத் தீர்மானித்தது வயலின், வியோலா, செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களுக்கான இசைக்கோப்பு. பாடகர் லியோனார்ட் கோஹனின் முதல் தொகுப்பை மனத்தில் வைத்திருந்த பாய்ட், இதற்காக அனுபவசாலியான ரிச்சர்ட் ஹ்யூசனை அமர்த்தினார். அவர் எழுதித் தந்தது டிரேக்குக்கு ஒட்டவில்லை. அதிகம் பேசாத அந்த இளைஞர், கேம்பிரிட்ஜில் தம்முடன் இசையில் ஈடுபட்டிருந்த நண்பர் ராபர்ட் கர்பி எழுதட்டும் என்று உறுதியாகச் சொன்னார். ஸ்டூடியோ அனுபவமே இல்லாத ஒரு மாணவரை நம்பியது பெரிய துணிச்சல், அது வீண்போகவில்லை. ‘வே டு ப்ளூ’ பாடலில் டிரேக் கிட்டாரைத் தொடவே இல்லை. குரலும் தந்தி வாத்தியங்களும் மட்டுமே. பாட்டுக்குப் பின்னால் விரித்த திரைச்சீலையாக நின்றுவிடாமல், கர்பியின் இசை குரலோடு சேர்ந்தே நடக்கிறது.

‘ரிவர் மேன்’ பாடலுக்கு எழுத மட்டும் கர்பி தயங்கினார். ஒரு சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை கொண்ட பாடல் அது. திரைப்படங்களுக்கு இசையமைத்துவந்த ஹாரி ராபின்சன், இசையமைப்பாளர் டீலியஸின் சாயலில் அதற்குத் தந்தியிசை எழுதினார். டிரேக்கின் கிட்டாரும் குரலும் தந்திக் குழுவும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் பதிவாயின. கிட்டார் சற்றும் அசையாமல் ஐந்தை எண்ணிக்கொண்டிருக்க, குரல் அந்தக் கணக்கைச் சட்டை செய்யாமல் சொல்லுக்குச் சொல் பின்தங்கி வருகிறது. தந்திகள் மெல்ல ஏறி இரண்டையும் சூழ்கின்றன. தொகுப்பின் உச்சம் இதுவே.

மற்ற பாடல்களிலும் தேர்ந்த கைகள் உண்டு. பென்டாங்கிள் குழுவின் டேனி தாம்சன் டபுள் பேஸ் வாசித்தார். ‘டைம் ஹேஸ் டோல்ட் மீ’ பாடலின் எலெக்ட்ரிக் கிட்டார் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் ரிச்சர்ட் தாம்சனுடையது. ‘செல்லோ சாங்’ பாடலில் கிளேர் லோதரின் செல்லோவும் ராக்கி ஜிட்ஸோர்னுவின் காங்கா முரசும் கேட்கும். ‘சாட்டர்டே சன்’ பாடலில் டிரேக் கிட்டாரை விட்டுவிட்டுப் பியானோ வாசிக்கிறார்.

அட்டைப் படங்களை எடுத்தவர் கீத் மாரிஸ். பின்னட்டையில் டிரேக் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்க, ஒருவர் அவரைக் கடந்து ஓடுகிறார். ஓடுபவரின் உருவம் கலங்கித் தெரிகிறது. உறையில் பாடல்களின் வரிசை தவறாக அச்சாகியிருந்தது. பதிவில் விடப்பட்ட சரணங்களும் வரிகளோடு இடம்பெற்றுவிட்டன.

விற்பனை மிகக் குறைவு. மேடையில் பாட டிரேக்குக்கு விருப்பம் குறைந்துகொண்டே போனதால் கேட்போரும் பெருகவில்லை. இன்னும் இரண்டு தொகுப்புகள் தந்து, 26 வயதில் அவர் இறந்தார். இறந்த பின்னரே வாய்க்கும் புகழைப் பற்றி இத்தொகுப்பில் அவர் பாடிய ‘ஃப்ரூட் ட்ரீ’ பாடலின் பெயரையே, அவருடைய மூன்று தொகுப்புகளையும் சேர்த்து 1979இல் வந்த பெட்டித் தொகுப்புக்கும் வைத்தார்கள். இத்தொகுப்பு உருவான விதத்தைக் காட்டும் முன்னோடிப் பதிவுகளும் கைவிடப்பட்ட வடிவங்களும் 2025இல் தனித் தொகுப்பாக வெளிவந்தன. 1968இன் முதல் ஸ்டூடியோ அமர்வையும், கேம்பிரிட்ஜில் கர்பிக்காக டிரேக் பேசிப் பாடிப் பதிந்த ஒலிநாடாவையும் அதில் கேட்கலாம்.