நெகேமியா கால உடன்படிக்கைப் புதுப்பிப்பு

நெகேமியா கால உடன்படிக்கைப் புதுப்பிப்பு என்பது, பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதச் சமூகம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் ஒன்றுகூடி, முன்னோர் கடவுளோடு செய்த உடன்படிக்கையை மீண்டும் ஏற்றுக்கொண்ட நிகழ்வாகும். எபிரேய விவிலியத்தின் நெகேமியா நூல் (அதிகாரங்கள் 8-10) இதை விவரிக்கிறது.

இதற்கு முன் கி.மு. 622 அளவில் யோசியா உடன்படிக்கையைப் புதுப்பித்தபோது, அரசர் முன்னின்று உறுதி கூற மக்கள் உடன்பட்டனர். நெகேமியா காலத்தில் யூதர்களுக்கு அரசர் இல்லை. யூதேயா பாரசீகப் பேரரசின் சிறு மாநிலம், கி.மு. 445-இல் வந்த நெகேமியா அதன் ஆளுநர் மட்டுமே. எனவே பொறுப்பு மக்கள் அனைவர் மேலும் விழுந்தது.

அந்த மக்களிடையே பிளவும் இருந்தது. பஞ்சத்தாலும் அரச வரியாலும் நிலத்தை அடகு வைத்தவர்கள், பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்தவர்கள், சொந்த இனத்துச் செல்வர்கள்மீதே முறையிட்டனர். நெகேமியா செல்வர்களைக் கண்டித்தார். தானும் தன் உறவினரும் கடன் கொடுத்திருப்பதையும் அதே சபையில் ஒப்புக்கொண்டார். நிலங்கள் திருப்பித் தரப்பட்டன.

ஏழாம் மாதம் முதல் நாள், தண்ணீர் வாசலுக்கு முன்னிருந்த வெளியில் எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல் வரை தோராவை வாசித்தார். ஆண்களோடு பெண்களும் கேட்டனர். லேவியர் விளக்கம் கூறினர். 24-ஆம் நாள் மக்கள் நோன்பிருந்து, தங்கள் பாவங்களோடு முன்னோரின் பாவங்களையும் அறிக்கையிட்டனர்.

பின்னர் எழுதப்பட்ட ஆவணத்திற்கு, வழக்கமான 'பெரீத்' என்ற சொல்லுக்குப் பதில் 'அமானா' என்ற சொல் ஆளப்படுகிறது. 'ஆமென்' பிறந்ததும் இதே வேரிலிருந்துதான். முத்திரையிட்டோர் பட்டியலில் 84 பெயர்கள் உள்ளன: நெகேமியா, செதேக்கியா, குருக்கள் 21 பேர், லேவியர் 17 பேர், மக்கள் தலைவர்கள் 44 பேர். எஸ்ராவின் பெயர் இல்லை என்பது வியப்பே. மற்றவர்கள் மனைவி மக்களோடு ஆணையிட்டு இணைந்தனர்.

வாக்குறுதிகள் அனைத்தும் 'நாங்கள்' என்றே அமைந்துள்ளன. ஓய்வுநாளில் எதையும் வாங்குவதில்லை. ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடுவது. கோவிலுக்கு ஆண்டுதோறும் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு தருவது. பலிபீடத்திற்கான விறகைச் சீட்டுப்போட்டு முறைவைத்துக் கொண்டுவருவது. வேற்றினத்தாரோடு மணவுறவு கூடாது என்ற விதியும் உண்டு. இக்கால வாசகருக்கு நெருடலான பகுதி இது. கடவுளின் இல்லத்தைக் கைவிடமாட்டோம் என்பது கடைசி வாக்குறுதி.

நெகேமியா சிலகாலம் பாரசீக மன்னரிடம் சென்று திரும்பியபோது, லேவியர் தங்களுக்குரிய பங்கு கிடைக்காமல் வயல்களுக்குப் போயிருந்தனர். ஓய்வுநாளில் தீர் நகர வணிகர்கள் மீன் விற்றனர். கடவுளின் இல்லம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர் தலைவர்களைக் கேட்டார்; மூலத்தில் கடைசி வாக்குறுதியின் வினைச்சொல்லே இங்கும் வருகிறது. இச்சீர்கேடுகளுக்குப் பிறகே ஆவணம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

இம்முறை நெகேமியா களஞ்சியத்தை ஒருவரிடம் ஒப்படைக்கவில்லை. ஒரு குரு, ஓர் எழுத்தர், ஒரு லேவியர், துணைக்கு இன்னொருவர் என நால்வரைப் பொறுப்பாக்கினார்.